சுவருக்கு அந்தப் பக்கத்துப் பெரணி

செக்கரம்மாவுக்கு முப்பத்தோரு வருஷமும் ஒரே வேலை. அடுத்தவர் தைத்ததில் குற்றம் கண்டுபிடிப்பது. குற்றம் சொல்வதற்கே ஆள் வைத்து மாதச் சம்பளமும் கொடுக்கிறார்கள் என்றால் யாருக்குத்தான் கசக்கும்! வெளிநாட்டுக்குச் சட்டை தைத்து அனுப்பும் கம்பெனியில் அவள் செக்கர், அதனால்தான் அந்தப் பேர். வரிசையாகத் தையல் மெஷின்கள், வரிசை முடிகிற இடத்தில் வெள்ளை மைக்கா ஒட்டிய மேஜை, தலைக்கு மேலே ரெண்டு டியூப்லைட், மேஜைக்குப் பின்னால் மூக்குக் கண்ணாடியோடு செக்கரம்மா. சட்டையை விரித்தால் காலரில் தொடங்கி தோள், கை, பாக்கெட், பட்டன், கீழ் மடிப்பு என்று கண்ணும் விரலும் சேர்ந்தே போகும். தையல் தாண்டியிருந்தாலோ, எண்ணெய்க் கறை பட்டிருந்தாலோ அந்த இடத்தில் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டி, சட்டையை இடது பக்கக் கூடையில் போடுவாள். தைத்த பெண்ணைக் கூப்பிட்டுக் கேட்டால் எவளும் ஒரே பதிலைத்தான் வைத்திருப்பாள். தெரியலக்கா, தானா வந்திருக்கு.

கறை எங்கேயாவது தானாக வருமா? எவளோ ஒருத்தி கையைத் துடைக்காமல் துணியைத் தொட்டிருப்பாள். அந்த மேஜையில் செக்கரம்மா படித்த மொத்தப் படிப்பும் இதுதான். தானாக எதுவும் வருவதில்லை, எல்லாவற்றுக்கும் பின்னால் ஒரு கை இருக்கும். இந்தப் படிப்பைச் சாயங்காலம் பஸ் ஏறும்போது கம்பெனியிலேயே விட்டுவிட்டு வந்திருக்கலாம். எங்கே விட்டாள்? பால்காரர் ஊற்றும்போது நுரையை விலக்கிப் பார்ப்பாள். தபால்காரர் சிரித்த முகமாகக் கடிதம் கொடுத்தால், பிரித்துப் படித்திருப்பாரோ என்று உறையின் ஓரத்தைத் தடவிப் பார்ப்பாள். சொந்தக்காரர் யாராவது வந்து சௌக்கியமா என்று கேட்டால், இவர்களுக்கு என்ன வேண்டியிருக்கிறது என்று யோசிப்பாள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். இவள் அரண்டவளும் இல்லை. பேயே வந்து நின்றாலும், உன்னை யார் அனுப்பினார்கள் என்று உட்காரவைத்து விசாரிக்கிற ரகம்.

வீட்டுக்காரர் வாட்ச் ரிப்பேர் செய்கிறவர். கடைத்தெருவில் ஒரு மாடிப்படிக்குக் கீழே மூன்றடிக்கு நாலடி கடை, ஒற்றைக் கண்ணில் லென்ஸ், வாயில் வார்த்தை குறைவு. இப்படி ஒரு மனைவியோடு குடித்தனம் நடத்த அந்தக் குறைவான வார்த்தையே அவருக்குப் போதுமாக இருந்தது. அவருக்கு ஒரே தம்பி, ஸ்கூல் வேன் ஓட்டுகிறவர். இந்தத் தெருவிலிருந்து அந்த மெயின் ரோடு வரைக்கும் நீண்டு கிடந்த பழைய வீட்டில் அண்ணன் தம்பி ரெண்டு குடும்பமும் ஒரே அடுப்பில்தான் சமைத்துச் சாப்பிட்டது. அதைக் கலைத்தது ஒரு பாபின் கேஸ். தையல் மெஷினுக்கு அடியில் கீழ்நூலை வைக்கிற கூடு. கட்டைவிரல் நகத்தை விடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான்.

ஒரு நாள் ஓரகத்தி, அதாவது அந்தத் தம்பியின் பெண்டாட்டி, செக்கரம்மாவின் மெஷினில் உட்கார்ந்து நாலு தலையணை உறை தைத்தாள். மறுநாள் மெஷின் நூலை விழுங்க ஆரம்பித்தது. செக்கரம்மா கழற்றிப் பார்த்துவிட்டு, என்னுடையது புதுசு, இது பழசு, மாத்திட்டா என்றாள். ஓரகத்தி இல்லையென்று அழுதாள். அழுகிறாள் என்றால் செய்திருக்கிறாள் என்றுதானே அர்த்தம் என்றாள் செக்கரம்மா. அந்தப் பேச்சு வளர்ந்து, பத்து வருஷத்துப் பழைய கதையெல்லாம் தூசி தட்டி எழுந்து வந்து, கடைசியில் வீட்டின் நடுவில் இருந்த திறந்தவெளியில் எட்டடி உயரத்துக்குச் சுவர் எழும்பியது. தெருப்பக்கம் பெரியவருக்கு, மெயின் ரோட்டுப் பக்கம் சின்னவருக்கு. அண்ணனும் தம்பியும் அதன் பிறகு முக்கு டீக்கடையில் சந்தித்துக்கொண்டார்கள். ஓரகத்திகள் ரெண்டு பேரும் பன்னிரண்டு வருஷமாக ஒரு வார்த்தை பேசவில்லை.

சுவரை ஒட்டி செக்கரம்மாவுக்குக் கிடைத்தது நாலடி அகலத்தில் ஒரு சந்து. வெயில் எட்டிப் பார்க்காது. துவைக்கிற கல், குழாய், சுவரடியில் ஓடும் சின்னச் சாக்கடை. அந்தச் சாக்கடைத் தண்ணீர் சுவருக்கு அடியில் விட்ட ஓட்டை வழியாகத்தான் அந்தப் பக்கம் போய், மெயின் ரோட்டுக் கால்வாயில் சேர வேண்டும். மனுஷர்கள் பேசிக்கொள்ளாவிட்டாலும் தண்ணீர் போய்த்தானே ஆகணும்! அந்தச் சந்தில் அவள் ரோஜா வைத்தாள், செத்தது. தக்காளி வைத்தாள், ஒடுங்கிப் போய் செத்தது. வெயில் இல்லாத இடத்தில் தக்காளி எப்படி வரும் என்று வாட்ச்காரர் மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். அவள் கேட்கவில்லை. ஓரகத்தி மாடிப்படியில் நின்று சுவருக்கு மேலாக வெந்நீர் ஊற்றுகிறாள் என்பது அவளுடைய முடிவு.

ரிட்டயர் ஆன அன்று கம்பெனியில் மேனேஜர் ரெண்டு நிமிஷம் பேசினார். லைன் பெண்கள் எல்லாரும் சேர்ந்து ஒரு தொட்டியைக் கொண்டுவந்து கையில் கொடுத்தார்கள். கரும்பச்சையில் ஏழெட்டு நீள ஓலை, ஒவ்வொரு ஓலைக்கும் ரெண்டு பக்கமும் சீப்புப் பல் மாதிரி இலை. பெரணி அக்கா, எந்தக் காலத்திலும் பச்சையாகவே இருக்கும், லேசில் சாகாது என்றாள் ஒருத்தி. பஸ்ஸில் தொட்டியை மடியில் வைத்துக்கொண்டு வரும்போதே செக்கரம்மாவுக்கு மண்டை குடைய ஆரம்பித்துவிட்டது. உலகத்தில் பூச்செடிக்கா பஞ்சம்? பூக்காத, காய்க்காத, வாசனை இல்லாத ஒன்றைத் தேடிப் பிடித்துக் கொடுத்திருக்கிறார்கள் என்றால் அதில் ஏதோ குத்தல் இருக்கிறது. லேசில் சாகாது என்றது செடியையா, தன்னையா? இறங்க வேண்டிய ஸ்டாப்பைத் தாண்டிப் போய் இறங்கினாள்.

தூக்கிப் போடவும் மனசு வரவில்லை. சந்தில் சுவரோரமாகக் குழி தோண்டி, நன்றாக நிற்கட்டும் என்று கழுத்து வரை மண் தள்ளி நட்டாள். பத்து நாளில் ஓலை எல்லாம் துவண்டது. உடனே சுவருக்கு மேலே ஒரு பார்வை பார்த்தாள். அப்புறம் என்ன தோன்றியதோ, பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கிற நர்சரிக்குப் போய்க் கேட்டாள். நர்சரிக்காரர் அவளை ஒரு தடவை பார்த்துவிட்டு, நடுக்குருத்தை மண்ணில் புதைத்துவிட்டீர்களா என்று கேட்டார். ஓலை எல்லாம் கிளம்புகிற அந்தக் கட்டை மண்ணுக்கு மேலே தெரிய வேண்டுமாம். புதைத்தால் அழுகுமாம். மக்கின இலையும் மணலும் கலந்து போடுங்கள், ஈரம் இருக்கட்டும், தண்ணீர் தேங்கக் கூடாது, வெயில் வேண்டவே வேண்டாம், பழைய ஓலையை அவசரப்பட்டு வெட்டாதீர்கள், புதுசு கிளம்பும்போது வெட்டிக்கொள்ளலாம் என்றார். இவ்வளவும் சொல்லிவிட்டு எதையும் வாங்கச் சொல்லவில்லை. அதுவே அவளுக்கு உறுத்தியது. விற்காமல் ஒரு வியாபாரி பேசுவானா?

ஆனாலும் சொன்னபடி செய்தாள். செடி பிழைத்துக்கொண்டது. ஒரு நாள் நடுவிலிருந்து பழுப்பு மயிர் போர்த்திய சுருள் ஒன்று தலை தூக்கியது. கம்பளிப்பூச்சி என்று கிள்ளி எறிந்தாள். மறுநாள் இன்னொன்று, அதையும் கிள்ளினாள். மூன்றாவதையும் கிள்ளினாள். நாலாவதைக் கிள்ளுவதற்குள் காய்ச்சல் வந்து ரெண்டு நாள் படுத்துவிட்டாள். எழுந்து வந்து பார்த்தால் அந்தப் பூச்சி பாதி விரிந்து, இளம்பச்சையில் ஓலையாக நின்றது. செய்த வேலையை நினைத்து அவளுக்கே சங்கடமாகப் போயிற்று. வீட்டுக்காரரிடம் சொல்லவில்லை.

குளிர் வந்தது, தெருவில் மரமெல்லாம் மொட்டையாக நின்றது. பெரணி அசையவில்லை. அனல் காற்று வீசியது, எதிர்வீட்டுக் குரோட்டன்ஸ்கூடக் கருகியது. பெரணி அப்படியே பச்சையாக நின்றது. சும்மா சொல்லக்கூடாது, செக்கரம்மாவுக்கு அதன்மேல் ஆசை விழுந்துவிட்டது. காலைக் காப்பியை எடுத்துக்கொண்டு துவைக்கிற கல்லில் போய் உட்கார ஆரம்பித்தாள். முப்பத்தோரு வருஷத்தில் குற்றமே சொல்ல முடியாத ஒரு பொருள் அவள் கண்ணில் பட்டது அப்போதுதான்.

அதுவும் கொஞ்ச நாள்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஓலையைத் திருப்பிப் பார்த்தாள். யாராவது செடியின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பார்களா? இவள் பார்ப்பாள். சட்டையாக இருந்தாலும் உள்பக்கத் தையலைத்தானே முதலில் பார்க்கணும். இலைக்கு இலை, நடு நரம்பின் ரெண்டு பக்கமும், ஊசி போட்டுத் தைத்த மாதிரி ரெண்டு வரிசை பழுப்புப் புள்ளி. சுருக்கென்றது. நோய் இப்படி அளவெடுத்துக்கொண்டா வரும்? பூச்சி வரிசையில் நின்று முட்டை வைக்குமா? இவ்வளவு ஒழுங்காக இருக்கிறது என்றால் இது எவளோ செய்த வேலை. சுவரைப் பார்த்தாள். அந்தப் பக்கம் பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்டது.

கம்பெனியிலிருந்து கொண்டுவந்த அம்புக்குறி ஸ்டிக்கர் ஒரு சுருள் வீட்டில் இருந்தது. புள்ளி இருந்த ஓலை ஒவ்வொன்றிலும் ஒன்று ஒட்டினாள், புதிதாக எதில் வருகிறது என்று தெரிய வேண்டுமே. வாட்ச்காரர் வந்து பார்த்துவிட்டு, செடியையும் ரிஜெக்ட் பண்ணிவிட்டாயா என்று கேட்டார். ஒரு பேசின் தண்ணீரை வைத்துக்கொண்டு, பழைய பல் தேய்க்கிற பிரஷ்ஷால் ஓலை ஓலையாகத் தேய்த்துக் கழுவினாள். சோப்புப் போட்டால் தடம் விடும், அதனால் வெறும் தண்ணீர். புள்ளி எல்லாம் பழுப்புத் தூளாக உதிர்ந்து பேசினில் மிதந்தது. அதை அப்படியே சாக்கடையில் கொட்டினாள். அடுத்த மாதம் வேறு ஓலையில் புள்ளி வந்தது. விட்டேனா பார் என்று ரெண்டு வருஷம், ஞாயிற்றுக்கிழமை தவறாமல், செக்கரம்மா பெரணிக்குக் கறை எடுத்தாள்.

இதற்கிடையில் வாட்ச்காரருக்குக் கண் மங்கியது. கண்ணுக்குள் அழுத்தம் என்றார் டாக்டர். சொட்டு மருந்து விட்டால் இருப்பதைக் கொஞ்ச காலம் இழுத்துப் பிடிக்கலாம், போனது போனதுதான் என்றும் சொல்லிவிட்டார். கடையை மூடியாயிற்று. பார்வை பக்கவாட்டில் குறைந்து குறைந்து, ஒரு குழாய் வழியாகப் பார்க்கிற அளவுக்கு வந்தது. டீக்கடைக்குப் போக முக்குத் திரும்பி மெயின் ரோட்டைக் கடக்க வேண்டும். ஒரு நாள் பக்கத்தில் வந்த ஸ்கூட்டர் தெரியாமல் காலை வைத்து, முழங்கைத் தோல் பெயர்ந்து வீட்டுக்கு வந்தார். அதோடு டீக்கடையும் நின்றது; சுவர் எழும்பின நாளிலிருந்து தம்பி இந்த வாசலை மிதிப்பதில்லை.

தம்பிதான் அந்த யோசனையைப் போனில் சொன்னார். நடுச்சுவரில் ஒரு ஆள் நுழைகிற அளவுக்கு ஒரு கதவு வைத்துவிட்டால் அண்ணன் ரோட்டுக்கே வர வேண்டாம், நாலே எட்டு. வாட்ச்காரர் இதைப் பெண்டாட்டியிடம் சொன்னபோது அவள் முதலில் கேட்டது, இதில் அவளுக்கு என்ன லாபம் என்பதுதான். அவள் என்றால் ஓரகத்தி. நம் குழாயில் தண்ணீர் பிடிக்கவா? துணி காயப்போடவா? நாம் தூங்கும்போது உள்ளே வந்து துழாவவா? வாட்ச்காரர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, கல்யாணமான இத்தனை வருஷத்தில் கேட்காத மாதிரி ஒன்றைக் கேட்டார்.

"டாக்டர் ஒரு வருஷம், ஒன்றரை வருஷம்னு சொல்றார். அது வரைக்கும் தெனம் என் தம்பி மொகத்தைப் பாக்கணும்மா. அப்புறம் நெனச்சாலும் பாக்க முடியாது. வேற ஒண்ணும் வேணாம் எனக்கு."

அவள் எழுந்து சமையலறைக்குள் போய்விட்டாள். அழுதாளா என்று யாருக்கும் தெரியாது. வெளியே வந்து, சரி, ஆனால் தாழ்ப்பாள் நம் பக்கம்தான் இருக்க வேண்டும் என்றாள். அந்தப் பக்கமும் ஒன்று இருக்கட்டும், அவர்களுக்கும் நம்மேல் பயம் இருக்காதா என்றார் அவர். அவளுக்கு அது நியாயமாகத்தான் பட்டது.

கொத்தனார் ஒரு புதன்கிழமை காலை வந்தார். உளியும் சுத்தியலுமாகச் சுவரின் நடுவில், முழங்கால் உயரத்திலிருந்து கல்லைப் பெயர்க்க ஆரம்பித்தார். வாட்ச்காரர் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஏதோ கல்யாணத்துக்குக் கிளம்பின மாதிரி முகம் கழுவி, தலை வாரியிருந்தார். ஏழெட்டுக் கல் வந்ததும் கொத்தனார் டீ குடிக்க எழுந்தார். அந்தப் பக்கம் என்னதான் வைத்திருக்கிறாள் பார்ப்போம் என்று செக்கரம்மா குனிந்து, ஓட்டைக்குள் தலையை விட்டாள்.

அந்தப் பக்கச் சாக்கடையோரம் முழுக்கப் பெரணி. ஒன்றா ரெண்டா? பதினொன்று எண்ணினாள். சாணுயரத்தில் சிலது, முழ உயரத்தில் சிலது. அதே கரும்பச்சை, அதே பளபளப்பு, அதே சீப்புப் பல். சுற்றிலும் உடைந்த ஓட்டுச் சில்லை அணைத்து வைத்து, யாரோ பாத்திகூடக் கட்டியிருந்தார்கள். கம்பெனியில் ஒரே துணிச் சுருளிலிருந்து வெட்டிய துண்டை நூறு துணிக்கு நடுவில் வைத்தாலும் அடையாளம் காட்டுகிறவள் அவள். இது தன் செடி. கையும் களவுமாகப் பிடித்துவிட்டோம் என்று அவளுக்கு உடம்பெல்லாம் சூடேறியது.

பன்னிரண்டு வருஷத்துக்குப் பிறகு ஓரகத்தியிடம் அவள் பேசிய முதல் பேச்சு அந்த ஓட்டை வழியாகத்தான் போனது. எப்போது சுவர் ஏறிக் குதித்தாய், எதில் வெட்டி எடுத்தாய், அதனால்தான் கதவு வேணுமா, மிச்சத்தையும் அள்ளிக்கொண்டு போகவா என்று கேட்டாள். அந்தப் பக்கம் ஓரகத்தி ஈரக் கையோடு வந்து குனிந்து நின்றாள். முகம் பாதிதான் தெரிந்தது. முடி நரைத்திருந்தது.

"தானா வந்துச்சுக்கா" என்றாள். "மொதல்ல பாசின்னு நெனச்சேன். அப்புறம் குட்டி குட்டியா எல விட்டுச்சு. ஒங்க பக்கத்துலேருந்துதான் வந்திருக்கணும். ஒங்க வீட்லேருந்து வந்தது இந்த ஒண்ணாவது நம்ம கிட்ட இருக்கட்டும்னு களையாம விட்டேன்."

இதைக் கேட்டு வேறு யாராக இருந்தாலும் நெஞ்சு கரைந்திருக்கும். செக்கரம்மாவின் காதில் விழுந்தது ரெண்டே ரெண்டுதான். ஒன்று, தானா வந்துச்சு. முப்பத்தோரு வருஷம் கேட்டுப் புளித்த பொய். ரெண்டாவது, ஒங்க பக்கத்துலேருந்து வந்தது. ஆக, திருடினதை அவளே ஒத்துக்கொண்டாள்! டீ குடித்துவிட்டு வந்த கொத்தனாரிடம், வேலை வேண்டாம், போய்விடுங்கள் என்றாள். கொத்தனார் வாட்ச்காரரைப் பார்த்தார். வாட்ச்காரர் எழுந்து, சுவரைத் தடவிக்கொண்டே உள்ளே போய்ப் படுத்துவிட்டார். வெள்ளைச் சட்டையைக்கூடக் கழற்றவில்லை.

ரெண்டு நாள் அவர் சரியாகச் சாப்பிடவில்லை. திட்டவும் இல்லை. திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டிவிட்டு நிம்மதியாக இருந்திருப்பாள். இந்த மனுஷனுக்கு நிரூபித்துக் காட்டினால்தான் வழிக்கு வருவார் என்று அவள் ஆதாரம் தேட உட்கார்ந்தாள். பெரணியைச் சுற்றி மண்ணை விரலால் விலக்கி, எங்கே வெட்டியிருக்கிறாள் என்று தேடினாள். வெட்டின தடம் இல்லை. குருத்துக் கட்டையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். எதுவும் குறையவில்லை, முன்னைக்கு இப்போது பெருத்துத்தான் இருந்தது. பொருள் குறையாமல் எப்படித் திருடுவது? அவளுக்கே தலை சுற்றியது. வெள்ளிக்கிழமை மத்தியானம் ஓலை ஒன்றை ஒடித்துத் தாளில் சுற்றி எடுத்துக்கொண்டு நர்சரிக்குக் கிளம்பினாள். ஒரு பெரணியிலிருந்து பதினோரு பெரணி எடுக்க எப்படி வெட்டணும் என்று அவரிடமே கேட்டுவிடுவது என்று திட்டம்.

நர்சரிக்காரர் ஓலையைத் திருப்பிப் பார்த்தார். ஏன்மா வெட்டணும் என்றார். இதோ இந்தப் பழுப்புப் புள்ளி இருக்கிறதே, இதற்குள் இருக்கிற தூள்தான் இதற்கு விதை என்றார். பூ இல்லாத செடிக்கு விதை ஏது என்று அவள் மடக்கினாள். அவர் உள்ளே கூட்டிக்கொண்டு போய், கண்ணாடி மூடி போட்ட ஒரு தட்டைக் காட்டினார். ஈர மண்மேல் பாசி மாதிரி பச்சைப் படலம். அதன் நடுவில், உற்றுப் பார்த்தால் மட்டும் தெரிகிற மாதிரி, கொசுவின் சிறகளவுக்கு ஓலைகள். தூளை ஈரத்தில் தூவினால் இப்படிப் பாசியாகக் கிளம்பி, அப்புறம் செடியாகும், ஒரு வருஷத்துக்கு மேல் பொறுமை வேணும் என்றார்.

அதைப் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவிவிட்டால் என்ன ஆகும் என்று, யாரோ செய்ததைப் பற்றிக் கேட்கிற மாதிரி கேட்டாள் செக்கரம்மா.

"சோப்பு போட்டாங்களா?"

"இல்ல. வெறும் தண்ணி."

"அந்தத் தண்ணிய எங்க ஊத்தினாங்க?"

அவள் ஓலையை மறுபடியும் தாளில் சுற்ற ஆரம்பித்தாள். நர்சரிக்காரர் சிரித்தார். ஈரமான இடத்தில் ஊற்றியிருந்தால் அங்கே போய்ப் பாருங்கள், தோட்டமே நிற்கும், நாங்கள் மெனக்கெட்டுச் செய்கிற வேலையை யாரோ பல் தேய்க்கிற பிரஷ்ஷில் முடித்துவிட்டார்கள் என்றார்.

திரும்பி வருகிற பஸ்ஸில் முதலில் அவள் நர்சரிக்காரரைச் சந்தேகப்பட்டாள். ஓரகத்தி முன்கூட்டியே வந்து இவரிடம் பேசி வைத்திருப்பாளோ? பழக்கம் அப்படி, சட்டென்று போகுமா? ஆனால் பல் தேய்க்கிற பிரஷ் என்று அவள் யாரிடமும் சொன்னதில்லை, ஓரகத்திக்குத் தெரிய வழியே இல்லை. பிரஷ் என்றுதான் கேட்டாள். அவர் வாய்க்கு வந்ததைச் சொல்லி அது சரியாகவும் போயிற்று. பேசின் தண்ணீரைக் கொட்டினது அவள் கை. சாக்கடை ஓட்டை வழியாக அது எங்கே போகும் என்று அவளுக்குத் தெரியும். எல்லாவற்றுக்கும் பின்னால் ஒரு கை இருக்கும் என்று தேடினாளே, கை இதுதான். மடியில் கிடந்தது. அதைப் பார்க்கப் பிடிக்காமல் முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள்.

வீட்டுக்குள் நுழையும்போதே கரண்டியால் சிமெண்ட் வழிக்கிற சத்தம் கேட்டது. சந்துக்கு ஓடினாள். ஓட்டை இருந்த இடத்தில் கல் வரிசையாக ஏறியிருந்தது. கடைசிக் கல்லும் வைத்து, அந்தப் பக்கமிருந்து யாரோ பூசிக்கொண்டிருந்தார்கள். வாட்ச்காரர் சுவரில் உள்ளங்கையை வைத்தபடி நின்றுகொண்டிருந்தார்.

தம்பி கொத்தனாரைக் கூட்டிக்கொண்டு வந்தான் என்றார் அவர், திரும்பாமலே. ஒரு செடிக்கே அண்ணி இப்படி என்றால், கதவு வைத்த பிறகு தினமும் ஒரு பஞ்சாயத்து நடக்கும், இருக்கிற கொஞ்ச நஞ்ச உறவும் போகும், வேண்டாம் அண்ணே என்றானாம். அடைக்கிறதுக்கு முன்னால் ஓட்டை வழியாக ஒரு தடவை குனிந்து பார்த்தானாம்.

"சரியாத் தெரியல" என்றார். "இருட்டா இருந்துச்சு. குரல் மட்டும் அவனுது."

செக்கரம்மா அவரைப் பார்த்தாள். எத்தனையோ வருஷம் லென்ஸ் மாட்டிய அந்தக் கண் வலது பக்கத்துச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தது, அவள் நின்றது இடது பக்கம். அவர் கையை மெதுவாக விலக்கிவிட்டுத் தன் கையைக் கல்லில் வைத்தாள். ஈரமாக இருந்தது. ஒரு தள்ளு தள்ளினாள், அசையவில்லை. ரெண்டு கையையும் வைத்து, தோளைக் கொடுத்து, பல்லைக் கடித்துக்கொண்டு தள்ளினாள். மேல் கல் நழுவி அந்தப் பக்கம் தொப்பென்று விழுந்தது. கொத்தனார் ஏதோ கத்தினார். அடுத்த கல்லையும் தள்ளினாள், அதுவும் போய் விழுந்தது.

யார் அது என்று ஓரகத்தியின் குரல் கேட்டது.

"நான்தான்" என்றாள் செக்கரம்மா. மூச்சு வாங்கியது. "அந்தச் செடியெல்லாம் நான் வெதச்சது. நான்தான் கழுவிக் கழுவி ஒன் பக்கம் ஊத்தியிருக்கேன். தெரியாமப் பண்ணினேன். ஒன்னைத் திருடின்னு சொன்னேன். தப்பு என்னோடது. அந்த பாபின் கேஸும் நீ மாத்தியிருக்க மாட்டே. அவரு தம்பியைப் பாக்கணுங்கறாரு. அதுக்காகவாவது அடைக்காதே."

கொத்தனாரின் கரண்டி நின்றுவிட்டது. செக்கரம்மா மூன்றாவது கல்லில் கையை வைத்து மறுபடியும் தள்ளப் போனாள்.

"அக்கா, தள்ளாதீங்க" என்றாள் ஓரகத்தி. "கல்லு செடி மேல விழுது. ஒங்க பக்கமா இழுங்க."

செக்கரம்மா கல்லின் ரெண்டு ஓரத்தையும் பிடித்துத் தன் பக்கம் இழுத்தாள். வந்த கல்லை வாங்கி வைக்க வாட்ச்காரர் ரெண்டு கையையும் நீட்டிக்கொண்டு நின்றார்.